சமாதானமா, நீதியா? சிறு நீதிமன்றங்கள் பற்றிய ஓர் அறநோக்கு

நீதி பற்றிய மெய்யியல் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அரசையும் அரசியலமைப்பையும் குற்றத்தையும் தண்டனையையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. வேலித் தகராறும் கைமாற்றுக் கடனும் அவற்றில் இடம்பெறுவது அரிது. ஆயினும் சாதாரண மனிதன் நீதியை நேரிற் காண்பது ஊருக்கு அண்மையிலுள்ள நீதவான் நீதிமன்றத்திலேயாகும். வழக்கிலுள்ள பொருள் சிறிதாயினும், அப்பொருளைத் தவிர வேறு உடைமையற்றவனுக்கு அது சிறிதன்று. இத்தகையவனுக்கு நீதிமன்றம் முதலில் அளிக்கவேண்டியது சமாதானமா, நீதியா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இலங்கையிற் சிறு பிணக்குகளுக்கெனத் தனி மன்றங்களை அமைக்கும் முயற்சி பழையது. 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கிராம நியாயமன்றங்களுக்குப் புத்துயிர் அளித்தது. 1958 இல் இணக்க சபைகளுக்கும், 1978 இல் ஆரம்ப நீதிமன்றங்களுக்கும், 1988 இல் மத்தியஸ்த சபைகளுக்கும், 2022 இல் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றங்களுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பெரிய நீதிமன்றத்தின் படி ஏற இயலாதவனுக்கும் ஒரு வாயில் வேண்டும் என்பதே இவை அனைத்துக்கும் பொதுவான கருத்து எனலாம்.

சமாதானத்தை முதன்மைப்படுத்துவோரின் வாதத்தை நன்கு விளக்குவது 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவாகும். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே அயலவன் ஒருவன் ஓரிரவிற் கதியால்களைப் பிடுங்கி, கூலிவேலை செய்து தனித்து வாழும் விதவையொருத்தியின் காணிக்குள் வேலியைத் தள்ளி நாட்டுகிறான் எனக் கொள்வோம். இதனால் அமைதி குலையக்கூடும் எனப் பொலிசார் நீதிமன்றத்துக்குத் தகவல் அளித்தால், காணி எவருக்குச் சொந்தம் என்று மன்றம் ஆராய்வதில்லை. அது எவருடைய ஆட்சியில் இருந்தது என்றே ஆராயும். தகவல் அளிக்கப்படுவதற்கு முந்திய இரண்டு மாதத்துள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் ஆட்சியில் அமர்த்தவும் சட்டம் இடமளித்தது. உரித்துப் பற்றிய இறுதி முடிவு மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது.

மேலோட்டமாக நோக்குமிடத்து, இது நீதியை ஒத்திவைத்துச் சமாதானத்தைத் தேடுவதாகவே தோன்றும். ஆயின், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று சட்டம் கூறியிருப்பின், வேலியை நகர்த்தியவனே இலாபம் அடைந்திருப்பான். பறிக்கப்பட்டதை மீட்க வழிசெய்ததன் மூலம், உரிமை எவருடையதாயினும் அதனைப் பலவந்தத்தால் நிலைநாட்டலாகாது என்ற அறத்தைச் சட்டம் ஏற்றது. நீதியின் முதற்படி இச்சமாதானத்துள்ளேயே அடங்கியுள்ளது.

எனினும், ஏட்டிலுள்ள அறம் மன்றத்தில் எப்போதும் நிலைப்பதில்லை. இவ்விசாரணை தொடங்கி மூன்று மாதத்துள் முடிதல் வேண்டும் எனச் சட்டம் விதித்தது. விசாரணைக்கு நாட் குறிக்குமுன் இருதிறத்தாரையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயலவேண்டும் எனவும் விதித்தது. இவ்விரு விதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. தவணைக்கு மேல் தவணை செல்லுமாயின், ஒவ்வொரு தவணையிலும் அவ்விதவை ஒரு நாட் கூலியையும் பஸ் கட்டணத்தையும் சட்டத்தரணிக்குரிய பணத்தையும் இழக்கிறாள். வசதிபடைத்த எதிராளி இழப்பதோ ஒரு முற்பகற் பொழுதையே. ஈற்றில், பாதியை விட்டுக்கொடுத்தேனும் முடித்துக்கொள்வோம் என அவள் தலையசைத்தால், அது இணக்கம் எனப் பதியப்படும். உண்மையில் அது களைப்பு. மறுக்க இயலாதவரின் இசைவை இசைவு எனல் பொருந்தாது.

மத்தியஸ்த சபையின் அமைப்பும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. அச்சபை தீர்ப்பெதனையும் திணிக்க இயலாது. இணக்கம் ஏற்படாவிடின் அதற்குச் சான்றிதழ் வழங்கி நீதிமன்றம் செல்ல வழிவிடும். இச்சான்றிதழைச் சபையின் தோல்வியாகக் கருதுவோர் உளர். அறநோக்கிலோ, இணக்கத்துக்கு மதிப்பளிப்பதே அதுதான். "இல்லை" எனக் கூறும் உரிமை உள்ளவிடத்தே "ஆம்" என்பதும் பொருளுடையதாகும். ஆனால் அச்சான்றிதழுடன் செல்பவரை நீதிமன்றத்தில் எதிர்கொள்வது பல்லாண்டுத் தாமதமாயின், அவ்வுரிமை பெயரளவினதே.

விரைவு அநீதிக்கு வித்திடாதா என ஒரு சாரார் வினவுவர். பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆராயாது ஆணையிட்ட பாண்டியனின் கதையைத் தமிழ் மாணவர் எவரும் மறவார். பாண்டியனின் பிழை விரைந்ததைக் காட்டிலும் கேளாது விட்டதிலேயே உள்ளது. கோவலனுக்குத் தன் பக்கத்தை உரைக்க வாய்ப்பளிக்கப்படவில்லை. இருதிறத்தாரையும் கேட்டுக் குறுகிய காலத்தில் முடிவுசெய்தல் இயலாததன்று. மேலும், பறித்த உயிரை மீட்க இயலாது. ஆட்சி பற்றிய கட்டளையையோ மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புப் பின்னர் மாற்றலாம். திருத்தத்தக்க பிழைக்கு அஞ்சி, திருத்தவொண்ணாத தாமதத்தை ஏற்பது அறிவுடைமையாகாது.

ஆகவே, சமாதானத்தையும் நீதியையும் எதிரெதிரே நிறுத்துவது தவறு. உரிய காலத்தில் தீர்ப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருப்பின் மட்டுமே மெலியவர் செய்துகொள்ளும் சமாதானம் அப்பெயருக்குத் தகுதியுடையதாகும். சிறு நீதிமன்றத்தின் பணியை அது முடித்த வழக்குகளின் தொகையால் மட்டும் அளத்தல் போதாது. அங்கு இணங்கிச் சென்றவரால் இணங்க மறுத்திருக்கவும் இயன்றதா என்று வினவுதல் வேண்டும்.