கை ஒழியும்வரை

பழைய ஃபிலிம் கேமரா ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர், அதைக் கையிலிருந்து விடுவதற்கு முன்பே, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டுவிடுகிறார். நல்ல கைக்காரர் என்று பெயரெடுத்தவரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் வாரக் கணக்கில் இருப்பதில்லை, மாதக் கணக்கில் இருக்கிறது. சிலர் புதிய வேலை எடுப்பதையே நிறுத்திவிட்டு, கை ஒழிந்தபின் பார்க்கலாம் என்கிறார்கள். இரண்டு கைக்குள் அடங்கிவிடும் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு திரை, சில பற்சக்கரங்கள், இதற்கு ஆறு மாதமா என்று கேட்டவருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. தனக்குப் பிரியமான பொருள் கண் மறைவில் கிடக்கும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோபம் சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஒரு பங்கு வேலைக்கே உரியது, அதைக் குறைத்தால் வேலையும் குறைந்துபோகும். மற்றொரு பங்கு பழைய கடன். அந்தக் கடனைப் பழுதுபார்ப்பவர் வாங்கவில்லை, நாம் வாங்கினோம்.

வேலைக்கு உரிய பங்கை முதலில் பார்ப்போம். ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட லைக்கா எம்3 கேமராவை எடுத்துக்கொள்ளலாம். 1966 வரை 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமாகத் தயாரானது. அதற்குப் பேட்டரி கிடையாது. ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை விரல் தள்ளும்போது ஸ்பிரிங்கில் ஏறும் விசைதான் அதை இயக்குகிறது. உள்ளே ரப்பர் பூசிய துணியால் ஆன இரண்டு திரைகள். பொத்தானை அழுத்தினால் முதல் திரை விலகி ஃபிலிமுக்கு வெளிச்சம் விடுகிறது, இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடுகிறது. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள ஃபிலிம் சட்டத்தைக் கடக்க ஒரு திரைக்கு ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு நொடி ஆகிறது. வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கு வைத்தால், ஓடும் இரண்டு திரைகளுக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர். முதல் திரையின் உருளையில் எண்ணெய் காய்ந்து அது கொஞ்சம் தயங்கினால் போதும், பின்னால் வருவது அதை எட்டிப் பிடித்துவிடும், படத்தின் ஒரு பக்கம் இருண்டுவிடும். ஒரு நொடி, அரை நொடி போன்ற மெதுவான வேகங்களுக்குக் கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற தனிப் பற்சக்கர வரிசை உண்டு. அது ஓடும் சத்தத்தைக் கேட்டே, எண்ணெய் இறுகிவிட்டதா இல்லையா என்று பழகிய காது சொல்லிவிடும். இந்தக் கேமராக்கள் உடைந்து கெடுவதைவிடக் காய்ந்து கெடுவதே அதிகம். அறுபது, எழுபது ஆண்டு எண்ணெய் பிசினாகியிருக்கும்.

இந்த நோய்க்குக் குறுக்கு வைத்தியங்கள் உண்டு என்பதுதான் கவலைக்குரிய விஷயம், ஏனென்றால் அவை பலிக்கின்றன. திரை தயங்குகிறதா, ஸ்பிரிங்கை இரண்டு சுற்று கூடுதலாக முறுக்கிவிடலாம். அழுக்கு அப்படியே இருக்க, திரை வேகமாக ஓடும். அளந்து பார்த்தால் எண்கூடச் சரியாக வரலாம். ஆனால் அந்த மிகை இழுப்பைத் துணியும் நாடாவும் உருளையும் ஒவ்வொரு படத்துக்கும் தாங்கவேண்டும். சரியான முறை அழுக்கை எடுத்துவிட்டு இழுப்பைத் தளர்த்துவது. ரோலிஃப்ளெக்ஸ் போன்ற கேமராக்களின் இதழ் ஷட்டர் ஒட்டிக்கொண்டால் லைட்டரில் ஊற்றும் திரவத்தை உள்ளே விட்டுக் கழுவுகிறவர்களும் உண்டு. அன்றைக்கே இதழ்கள் பளிச்சென்று திறக்கும். கரைந்த எண்ணெய் வெளியே போகாமல் இதழ்களுக்கு நடுவிலேயே பரவி, சில வாரங்களில் மறுபடி பிசுபிசுக்கும். ஜப்பானியக் கேமராக்களின் குறுக்குவெட்டு ஸ்க்ரூக்களுக்கு அந்நாட்டு அளவுப்படி செய்த திருப்புளி வேண்டும், கடையில் கிடைத்ததைக் கொண்டு திருகினால் தலை மழுங்கும். அடுத்தமுறை மூடியைத் திறப்பவருக்கு அந்தத் தலைகளைப் பார்த்ததுமே முன்பு கைவைத்தவரின் அவசரம் தெரிந்துவிடுகிறது. அவசரமாகச் செய்த வேலையும் பொறுமையாகச் செய்த வேலையும் திரும்பி வரும் நாளில் ஒன்றுபோலவே இருக்கும், வித்தியாசம் ஓராண்டு கழித்துத்தான் தெரியும். கொடுத்தவருக்கு அதை அன்றே பிரித்தறியும் வழியில்லை என்பதால்தான் செய்பவரின் நிதானத்தை நம்பவேண்டியிருக்கிறது.

நிதானம் என்பதை ஏதோ குணநலன் போலச் சொல்லிவிட்டுப் போவது போதாது, அது வேலையின் ஒரு கட்டம். எண்ணெய் மாற்றிய ஷட்டரைச் சில நூறு முறை ஓட்டி, சும்மா வைத்து, சில நாள் கழித்து மறுபடி அளக்கவேண்டும். முதல் நாள் காட்டிய வேகம் நின்று பிடிக்கிறதா என்பதை வேறு எப்படியும் தெரிந்துகொள்ள முடியாது. எம் வகை லைக்காவில் லென்ஸ் அமரும் வளையத்துக்கும் ஃபிலிம் இருக்கும் தளத்துக்கும் நடுவே 27.8 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். இதில் மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு பிசகினாலும் கண்ணில் குவித்த முகம் படத்தில் மங்கும். எம்3-க்கு இன்னொரு பலவீனம் உண்டு. அதன் காட்சிக்கண்ணாடிப் பட்டகத்தின் துண்டுகளைப் பால்சம் என்ற பிசின் ஒட்டியிருக்கிறது. கீழே விழுந்தால், சிலசமயம் விழாமலேகூட, அந்த ஒட்டு விடுபட்டுக் காட்சி இருண்டுவிடும். மாற்று உறுப்பு வேண்டுமானால், அது பெரும்பாலும் இறந்துபோன இன்னொரு கேமராவின் உடலிலிருந்துதான் வரவேண்டும், அப்படி ஒன்று எப்போது கிடைக்கும் என்பதை எந்த நாட்காட்டியும் சொல்லாது. இவற்றில் எதையும் கூடுதல் பணம் கொடுத்துச் சுருக்க முடியாது.

ஆனாலும், மேசைமேல் ஒரு கேமரா இருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஆறு மாதம் வராது. மீதி நாளெல்லாம் வரிசையில் கழிகிறது. அந்த வரிசை ஏன் இவ்வளவு நீளம்? கேமராக் கம்பெனிகள் தங்கள் தொழிற்சாலைகளிலும் சேவை மையங்களிலும் இளைஞர்களை எடுத்து வருடக் கணக்கில் பழக்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று நாம் தேடிப்போகும் மூத்த கைகளில் பல அந்த நிழலில் வளர்ந்தவை. பிறகு டிஜிட்டல் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் மூடின. கியோசெரா 2005-இல் கேமராத் தொழிலை விடுவதாக அறிவித்தது. 2006 ஜனவரியில் கோனிகா மினோல்டா விலகுவதாக அறிவித்தது, அதே மாதத்தில் நிக்கான் தன் ஃபிலிம் கேமராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தப்போவதாகச் சொன்னது. கேனான் தன் கடைசி ஃபிலிம் கேமராவான ஈஓஎஸ்-1வி விற்பனையை 2018 மே மாதம் முடித்து, அதைப் பழுதுபார்ப்பதும் 2025 அக்டோபர் வரைதான் என்று தேதியே குறித்துவிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டு இந்தத் தொழிலுக்குப் புதிதாக யாரும் வர ஒரு காரணமும் இருக்கவில்லை. வாடிக்கையாளராகிய நாமும் அதைக் கவனிக்கவில்லை, பழைய கேமராவை எடைக்குப் போட்டோம் அல்லது அலமாரிக்குள் தள்ளினோம். பிறகு ஃபிலிமின் மீது மீண்டும் ஆசை வந்தபோது கேமராக்கள் லட்சக்கணக்கில் மிஞ்சியிருந்தன, அவற்றைத் திறக்கத் தெரிந்தவர்கள் மூத்துச் சிலராகியிருந்தார்கள். நடுவில் ஒரு தலைமுறையே இல்லை. கடன் என்று நான் சொன்னது இதைத்தான்.

இதற்குச் சந்தையை நம்புகிறவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. வரிசை நீண்டால் கூலி உயரும், கூலி உயர்ந்தால் புதியவர்கள் வருவார்கள், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்பார்கள். பாதி உண்மை. சில ஊர்களில் இளைஞர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள், அது நல்ல செய்தி. ஆனால் கூலி ஆளைத்தான் கொண்டுவரும், கையைக் கொண்டுவராது. கை உருவாகச் சில ஆண்டுகளும் கெடுத்துப் பழகச் சில டஜன் கேமராக்களும் பக்கத்தில் நின்று 'போதும், இதற்குமேல் முறுக்காதே' என்று சொல்ல ஒருவரும் வேண்டும். பென்டாக்ஸ் பெயரில் ரிக்கோ நிறுவனம் 2024-இல் வெளியிட்ட பென்டாக்ஸ் 17 இதற்கு நல்ல சாட்சி. கையால் ஃபிலிம் சுற்றும் ஒரு புதிய கேமராவைச் செய்யவேண்டி வந்தபோது, அந்த நிறுவனத்தின் இளம் பொறியாளர்கள் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்ததோடு, ஓய்வுபெற்ற மூத்தவர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பணமும் தொழிற்சாலையும் காகிதமும் கையில் வைத்திருந்த நிறுவனமே ஆளைத் தேடிப் போகவேண்டியிருந்தது. அந்த மூத்தவர்கள் இல்லாமல் போயிருந்தால் எந்தக் கூலியும் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்திருக்காது.

இன்னொன்று வாங்கிவிட்டால் போகிறது என்பது அடுத்த வாதம். அப்படி வாங்குவதும் அதே வயதுடையதுதான், அதன் எண்ணெயும் அதே காலத்தில் காய்ந்ததுதான். இன்று ஓடுவது நாளை அதே வரிசையில் வந்து நிற்கும். புதிதாகப் பிறக்காத பொருளில் 'இன்னொன்று' என்பது ஒவ்வொரு முறையும் மொத்தக் கையிருப்பிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. இதன் எல்லையைக் காட்டுவது 1990-இல் வந்த கான்டாக்ஸ் டி2. நேர்த்தியான கேமரா, விலையும் அண்மைக் காலத்தில் வெகுவாக ஏறிவிட்டது. ஆனால் அதன் உள்ளே மின்சுற்றுகள். செய்த கியோசெரா விலகிவிட்டது, சுற்று கெட்டால் பல சமயம் யாராலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. எம்3-காரர் மாதக் கணக்கில் காத்திருக்கிறார் என்றால் அவருக்குக் காத்திருக்க ஒருவர் இருக்கிறார். டி2-காரருக்கு அந்த வரிசையே இல்லாமல் போகலாம்.

எனக்கு மிக வலுவாகப் படும் ஆட்சேபம் வேறு. எல்லாத் தாமதமும் நிதானமல்ல. கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பதில் சொல்லாதவர்கள், முன்பணம் பெற்றபின் தொலைபேசியை எடுக்காதவர்கள், மூடியைத் திறக்காமலேயே 'நடந்துகொண்டிருக்கிறது' என்பவர்கள் எந்தத் தொழிலிலும் உண்டு, இதிலும் உண்டு. திறமையைக் காரணம் காட்டி அதை மன்னிக்கச் சொல்வது கொடுத்தவருக்குச் செய்யும் அநியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறை நாளின் நீளத்தில் இல்லை, வாக்கில் இருக்கிறது. எட்டு மாதம் ஆகும் என்று முதலிலேயே சொல்லி எட்டாம் மாதம் கொடுப்பவர் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் வாய் திறக்காதவர் தாமதித்தவர். ஆகவே கேட்கவேண்டியது சீக்கிரத்தை அல்ல, உண்மையான தேதியை. வரிசையில் எத்தனையாவது இடம், எந்த உறுப்பு கிடைக்காமல் நிற்கிறது என்பதைக் கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. தன்னந்தனியாக மேசையில் குனிந்திருப்பவருக்கு ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் கையிலிருக்கும் ஸ்பிரிங்கைக் கீழே வைக்கச் சொல்கிறது என்பதும் உண்மைதான். மாதத்துக்கு ஒரு வரி எழுதிப்போட்டால் இருதரப்புக்கும் அது போதும்.

இந்தக் காத்திருப்பு ஒரு பொருளை உடைமையாக வைத்திருப்பதைப் பற்றி நம்மிடம் இருக்கும் எண்ணத்தையே கேள்வி கேட்கிறது. விலை கொடுத்து வாங்கியதும் அது முழுக்க என்னுடையது என்று நினைக்கிறோம். எம்3 என் அலமாரியில் இருக்கலாம், ஆனால் அதை எம்3-ஆக வைத்திருக்கும் அறிவு இன்னொருவர் விரலில் இருக்கிறது. அந்த விரல் இல்லாவிட்டால் எனக்கு எஞ்சுவது அழகான உலோகம். அப்படியானால் உடைமையில் பாதி எப்போதும் வெளியில், ஒரு மனிதரிடம் இருந்திருக்கிறது. கேமரா நன்றாக ஓடிய காலத்தில் அந்தப் பாதி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தையல் இயந்திரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் இது பொருந்தும். ஆறு மாதம் கேமரா இல்லாமல் இருப்பவர் அந்த நாட்களில் இழந்தது நிறைய இருக்கலாம், ஒரு குழந்தையின் முதல் நடை, ஒரு பயணம். அவை திரும்பி வராது என்பதை ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

வரிசையைக் குறுக்கும் வேலையில் வாடிக்கையாளருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஓடாத கேமராவைச் சும்மா திருகிப் பார்க்காமல் இருப்பது ஒன்று. எந்த வேகத்தில் என்ன ஆகிறது என்று எழுதி, இருண்டுபோன படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் மேசைமேல் அரை நாள் மிச்சமாகும். அதைவிடப் பெரியது நம் வீடுகளில் கிடக்கிறது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் கல்யாணம் கல்யாணமாகப் படம் பிடித்த யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்கள் இரும்பு பீரோக்களின் மேல்தட்டில் கிடக்கின்றன. தோல் உறை உதிர்ந்திருக்கும், கடலோர ஊரென்றால் லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கும், கோப்பால் என்னும் இதழ் ஷட்டர் இறுகியிருக்கும். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது. இந்த வேலை கற்கத் தொடங்கும் இருபது வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ அதில் ஒன்றைக் கொடுத்தால், அவர்கள் அதைப் பத்துமுறை கழற்றி, ஒன்பது முறை தப்பாகப் பூட்டி, ஒரு ஸ்பிரிங்கைத் தொலைத்து, கடைசியில் அந்த இதழ்கள் ஒரு நொடிக்குத் திறந்து மூடும் சத்தத்தைக் கேட்பார்கள்.