ஈரம் காயாத தாள்

காவிரியில் ஐப்பசி நீராடலின் கடைசி நாளான கடைமுகத்துக்கு மறுநாள். நேற்று மாயவரம் துலாக்கட்டத்தில் கூட்டத்தையும் ராட்டினத்தையும் நீர்வண்ணத்தில் வரைந்தேன். தாள் இன்னும் காயவில்லை. தூறல் விழுந்த இடத்தில் நீலம் இளகி, வளையல் கடையும் அதன் முன்னால் குனிந்திருந்த பாட்டியின் முதுகும் ஒன்றாகிவிட்டன. திருத்த மனம் வரவில்லை.

*

திண்ணையில் சைல்ட் ஹாசமின் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிகாகோ உலகக் கண்காட்சி. அவர் அமெரிக்கர், பாரிஸில் மூன்றாண்டு இருந்து ஒளியைப் பிடிக்கக் கற்றவர். கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டுமே கொண்ட ஒளிபுகா நீர்வண்ணம். வரைந்தது 1892-ல், கண்காட்சி திறந்ததோ 1893 மே 1. இன்னும் வராத கூட்டத்தை அவர் முன்கூட்டியே கண்டிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

*

‘வெள்ளை நகரம்’ எனப்பட்ட அந்தக் கண்காட்சியின் மாளிகைகளில் பெரும்பாலானவை கல் அல்ல. சட்டம் கட்டி, நார் கலந்த சாந்து பூசியவை. நம் கோபுரத்துச் சுதையும் சாந்துதான். ஆனால் குடமுழுக்குக்குக் குடமுழுக்கு மூக்கு உடைந்த பூதகணத்துக்கு மூக்கு வைத்து, வண்ணம் தீட்டி, மறுபடி நிறுத்துகிறோம். அங்கே ஆறே மாதத்துக்கென்று கட்டினார்கள். இரண்டே முக்கால் கோடிப் பேர் வந்து போனார்கள். 264 அடி உயரத்தில் பொறியாளர் பெர்ரிஸ் எழுப்பிய சக்கரமும் அங்கேதான் சுற்றியது. துலாக்கட்டத்து ராட்டினத்துக்கு அது பாட்டன் முறை. 1894 ஜூலையில் தீ. பெரும்பகுதி சாம்பலானது. ஹாசமின் தாள் மிஞ்சியது.

*

அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான் சர்வமத மாநாடு. விவேகானந்தரை அனுப்பிவைக்க அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்களும் வீடு வீடாய் ஏறிப் பணம் திரட்டினார்கள். 1893 செப்டம்பர் 11-ல் அவர் பேசிய கட்டடம் கண்காட்சித் திடலில் இல்லை, நகருக்குள் இருந்தது. கல் கட்டடம், இன்றும் ஓவியக்கூடமாக நிற்கிறது. 1897 பிப்ரவரியில் கும்பகோணத்தில் பேசிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினார். மாயவரம் பிளாட்பாரத்தில் கூட்டம் காத்திருந்தது. அதற்கு முன் அந்த ரயில் எங்கள் ஊர் குத்தாலத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். சாந்து நகரம் அப்போது இல்லை. அதைக் கண்ணால் கண்டவர் இந்த வயல்களினூடே போனார்.

*

மாலை ரயில் கூவுகிறது. தாளின் நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்திருக்கிறேன். பாட்டியின் முதுகு மட்டும் இன்னும் ஈரமாயிருக்கிறது.