கையெழுத்தும் உள்ளமும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 1904இல் எழுந்த விவேகானந்தர் ஆசிரமத்தின் வளாகத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் 2014இல் தெரியவந்தபோது பலர் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். அவ்வெதிர்ப்பு உள்ளத்திலிருந்து வந்ததா, அறப்பகட்டா என்பதே இவ்வுரையாடலின் பொருள். நியாயம் பேசுவதைவிட, நியாயம் பேசும் நல்லவர் என்று பிறர் மதிக்க வேண்டும் என்னும் ஆசை மேலோங்கி நிற்கும் பேச்சே அறப்பகட்டு எனப்படுகிறது.

சீடர்: குருவே, அந்த ஆசிரமத்தின் வாசற்படியை மிதித்தே அறியாதவர்களும் பாரம்பரியம் என்று முழங்கியது பகட்டன்றி வேறென்ன?

குரு: கட்டடம் காக்கத் தக்கதா என்பது ஒரு கேள்வி, கையெழுத்திட்டவரின் நெஞ்சம் தூயதா என்பது வேறு கேள்வி. ரயில்வே வேலைக்கு வந்து குடியேறிய தமிழர் தலைமுறைகளின் நினைவைத் தாங்கி நிற்கும் கட்டடத்தின் மதிப்பு, அதற்காகப் பேசுபவர் புகழ் விரும்புவதால் ஒரு துளியும் குறைவதில்லை.

சீடர்: அவ்வாறாயின் உள்நோக்கம் ஒரு பொருட்டே இல்லையா?

குரு: பொருட்டுதான், ஆனால் அதன் கேடு பின்னால் வருகிறது. மதிப்பைத் தேடிப் பேசுவோர் ஒருவரையொருவர் விஞ்சவே கடுமையைக் கூட்டுகின்றனர் என்று ஜஸ்டின் டோசி, பிராண்டன் வார்ம்கே என்னும் மெய்யியலாளர் இருவர் 2016இல் எழுதினர். திட்டம் தவறு என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் துரோகம் என்பார். தொண்டுப் பணிக்கு வருவாய் வேண்டும் என்னும் ஆசிரம அறங்காவலர் தரப்பைச் செவிமடுக்க அதன்பின் எவருக்கும் மனம் வராது. இது சிறிய இழப்பன்று, ஏனெனில் ஆசிரமத்தைக் காக்க நினைப்பவர் அந்த வருவாய்க்கும் வழி சொல்லக் கடமைப்பட்டவர்.

சீடர்: ஆசிரமத்தைக் காக்கக் கைப்பணம் கொடுத்தவரையாவது உண்மையானவர் எனக் கொள்ளலாமா?

குரு: பளிங்குக் கல்லில் பெயர் பொறிக்கப்படுவதற்காகவே கொடுப்போரும் உண்டு. பிறரைப் பகட்டர் எனச் சாடுவதும் ஓர் அறக்கருத்தே ஆதலால், சாடுபவரையும் இதே ஐயம் தொடரும். அதைவிடக் கொடியது, அச்சாடலுக்கு அஞ்சி, உண்மையாகவே நெஞ்சு பதைப்பவர் வாய்மூடிப் போவது.

சீடர்: உள்ளத்தை அறிய வழியே இல்லையா?

குரு: பிறர் உள்ளத்தை முழுதும் அறிய இயலாது. ஆயினும், அறங்காவலர் பக்கம் தம் உறவினர் நிற்க, அவர் முகத்துக்கு நேரே மறுப்பைச் சொல்லி, அவர் கூறும் காரணத்தையும் பொறுமையாகக் கேட்டவர் ஒருவர் இருந்தால், அவரது கையெழுத்தை ஐயுற வேண்டியதில்லை.