இரு வயர்களின் இணைப்பு

1970-களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இலங்கையரைப் பழைய கார்களோடு வாழப் பழக்கின. உதிரிப்பாகம் கிடையாதவிடத்து உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றுதல் அன்று திறமையெனவே மதிக்கப்பட்டது. அத்திறமைக்கு எல்லை உண்டோ?

மட்டக்களப்புக்கு வடக்கே சித்தாண்டியில் ஒருவர், போர்க்-வார்னர் 35 தன்னியக்கக் கியர்ப்பெட்டி பூண்ட 1960-களின் பிரித்தானியக் காரொன்றைத் தம் வீட்டு முற்றத்தில் புதுப்பிக்கிறார் எனக் கொள்க. அப்பெட்டியில் சிறிய ஆளி ஒன்றுண்டு. கியர்க்கோல் 'பார்க்'கிலோ 'நியூற்றலி'லோ நின்றாலன்றி, தொடக்கி மோட்டாருக்கு மின்னோட்டம் செல்ல அது விடாது. ஆளி பழுதுற்றால் கார் தொடங்காது. அதன் இரு வயர்களையும் முறுக்கி இணைத்துவிட்டாலோ உடனே தொடங்கும். ஓட்டத்திலும் குறை தோன்றாது.

இணைத்தவர் விடயம் அறிந்தவர். 'ட்ரைவ்' நிலையில் சாவியைத் திருப்பமாட்டார். ஆயின் நாளை அக்காரை வாங்குபவர் திருப்பக்கூடும். கார் முன்னே பாயும்; அங்கே ஒரு குழந்தை நின்றிருக்கலாம்.

கேளாததைச் சொல்லாமை பொய்யாகாது என்பாருளர். (விற்பனையில் இவ்வாதம் பெரிதும் செல்லுபடியாகிறது.) ஆனால், வாங்குபவர் கேளாதது அந்த ஆளியை நம்பியதனாலன்றோ? தட்டுப்பாடு அவ்விணைப்பை மன்னிக்கலாம். மௌனத்துக்கு அது காரணமாகாது. சுக்கானருகே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டுவதற்கு எந்த உதிரிப்பாகமும் வேண்டியதில்லை.