நோய்ச் சீட்டைப் படிக்க யாருக்கு உரிமை?

பினாங்கு ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலுள்ள ஒரு தேநீர்க் கடையிலே, சென்ற ஞாயிறு மாலை ஒரு பெரியவரோடு வாதிட நேர்ந்தது. ஆஸ்பத்திரிகளிலே நோயாளியின் வரலாறு முழுவதையும் கணினியில் ஏற்றிவிடுகிறார்களே, அதை யார் யார் திறந்து பார்க்கலாம் என்பதே பேச்சு. "தம்பி, எனக்குச் சர்க்கரை வியாதி. ஊரே படிக்கட்டுமே! களவு செய்தவனல்லவா ஒளிக்க வேண்டும்?" என்றார் அவர். கடையிலிருந்தோர் தலையசைத்தனர். என்னால் இயலவில்லை. காரணத்தை அங்கே கூற நாணினேன், இங்கே எழுதுகிறேன்.

யான் ஒரு தோட்டத்துக் கிராணி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளியின் வைத்தியச் சீட்டு என் மேசைக்கு வந்தது. எத்தனை நாள் விடுப்பு என்று பார்ப்பதே என் அலுவல். ஆயினும் மேலும் படித்தேன்; காசநோய் என்றிருந்தது. அன்றிரவு உணவின்போது ஒருவரிடம் சொன்னேன். பகையினாலன்று, பரிதாபப்பட்டே சொன்னேன். ஒரு வாரத்துக்குள் அவர் மனைவி குழாயடியிலே தனியே நிற்கலானார். மாதம் முடியுமுன் அக்குடும்பம் தோட்டத்தைவிட்டுப் போயிற்று. முறையாக மருந்துண்ணத் தொடங்கினால் சில வாரங்களிலே அந்நோய் பிறரைத் தொற்றும் வன்மை பெரிதும் குறைந்துவிடும் என்பதைப் பின்னரே அறிந்தேன். முன்பே அறிந்திருந்தாலும் வாயடக்கியிருப்பேனோ, ஐயமே.

பெரியவர் தம் சர்க்கரை வியாதியை அஞ்சாமல் உரைக்கிறார். ஊர் அதற்குத் தண்டனை விதிப்பதில்லை, அதனால் உரைக்கிறார். காசமும் தொழுநோயும் மனநோயும் உற்றவர்களுக்கு அந்தச் சலுகை ஏது?

கணினிக்கு வலிய பூட்டுப் போட்டால் போதும் என்பர் சிலர். 2018-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் சிங்ஹெல்த் நிலையத்தின் கணினிகளுக்குள் அயலார் புகுந்து 15 லட்சம் பேருடைய விவரங்களைக் கவர்ந்தனர். அங்கே பூட்டுத்தான் குறை. ஆனால் 2019 ஜனவரியில் அதே நாட்டில் வெளிப்பட்ட செய்தி வேறு விதமானது. எச்.ஐ.வி. கிருமியுடையோர் 14,200 பேரின் பதிவேடு இணையத்தில் பரவிற்று. அவருள் 8,800 பேர் அயல்நாட்டார். எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. அப்பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரம் பெற்றிருந்த ஒரு மருத்துவ அதிகாரியின் வழியாகவே, அவருடைய தோழரிடம் அது சேர்ந்ததென்று சுகாதார அமைச்சு கருதிற்று. திறவுகோல் உரியவர் கையிலேயே இருந்தது! அதற்கு முன்னரே, 2016-இல், இருவர் ஒப்பினாலன்றி அப்பதிவேட்டைப் பிரதி எடுக்கலாகாதென்று விதி செய்துவிட்டனர். நல்ல விதிதான், ஆயினும் ஏடு அதற்குமுன்பே வெளியேறிவிட்டது.

ஆதலின் பதவியைப் பார்த்துத் திறவுகோல் கொடுப்பதே பிழை என்பேன். பெரிய டாக்டராயினும், இன்று இந்த நோயாளிக்குச் சிகிச்சை செய்யாதவர்க்கு அவருடைய ஏடு எதற்கு? மருந்து கொடுப்பவர் மருந்தின் பெயரைக் காணட்டும். பணம் வாங்குபவர் தொகையைக் காணட்டும். கிராணி விடுப்பு நாளைக் காணட்டும். நம் நாட்டிலே செலாயாங் ஆஸ்பத்திரி 1999-இலேயே காகிதமின்றிக் கணினியால் இயங்கத் தொடங்கிற்று. ஆனால் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை. ஏழைகள் செல்வது அரசாங்க ஆஸ்பத்திரிக்கே என்பதை அச்சட்டம் எழுதினோர் அறியாரா?

நினைவிழந்து கிடப்பவனிடம் அனுமதி கேட்டு நிற்க முடியுமா என்று ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்பு. இரத்தம் ஒழுகும்போது கதவைத் திறக்கட்டும், உடனே திறக்கட்டும். திறந்தவர் பெயரும் நேரமும் காரணமும் அழியாமல் பதிவாகட்டும். மறுநாள் அவரைக் கேட்க ஒருவர் இருக்கட்டும். எஸ்தோனியா நாட்டில் தன் ஏட்டைத் திறந்தவர் யாரென்பதை நோயாளியே பார்த்துக்கொள்ளலாம்.

அத்தகைய பட்டியல் ஒன்று அன்று இருந்திருந்தால் அத்தொழிலாளி அதில் என் பெயரைக் கண்டிருப்பார். என் மேசைக்கு எதிரே வந்து நின்று, "கிராணியாரே, இதை ஏன் படித்தீர்?" என்று கேட்டிருப்பார். வரும் ஞாயிறன்று பெரியவரிடம் இதைச் சொல்லிவிட எண்ணியிருக்கிறேன்.