ஓட்டாமல் ஒட்டியது

அப்பா போன பிறகு, அவருடைய அம்பாஸடர் மூன்று மழைக்காலம் ஷெட்டிலேயே நின்றது. ‘நான் ஓட்டட்டுமாப்பா?’ என்று மகள் கேட்டபோதெல்லாம், ‘அது தாத்தா வண்டிம்மா’ என்று சாவியை பீரோவில் பூட்டிவிடுவேன்.

போன வாரம் எடுக்கப் பார்த்தேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆனது, கியர்தான் விழவில்லை. கறகறவென்று ஒரே சத்தம். பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தார் மெக்கானிக்.

‘ஃபோர்க் ஒழுங்கா நகருது சார். ஈரத்துல துருப்பிடிச்சு, கிளட்ச் டிஸ்க் ஃப்ளைவீலோட ஒட்டிக்கிச்சு. ஓட்டி ஓட்டித் தேயுற டிஸ்க்கைப் பார்த்திருக்கேன். இது ஓட்டாம ஒட்டினது!’

சுருக்கென்றது.

பிடிப்பது மட்டுமா கிளட்ச்சின் வேலை? மிதித்தால் விடவும் வேண்டும். விட்டால்தான் கியர் மாறும். மாறியதும் மறுபடி பிடிக்கும். என் விடாப்பிடிக்கு நான் பாசம் என்று பேர் வைத்திருந்தேன். பாதி துரு!

போனவர்கள் தொட்டதை யாரும் தொடாமல் காப்பதா மரியாதை? புழங்குவதா? உங்கள் வீட்டு பீரோவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இன்ஜினை அணைத்து, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினோம். ‘டக்’கென்று விட்டது.

சாவியை மகளிடம் கொடுத்தேன். ‘கிளட்ச்சை மெதுவா விடும்மா.’

அப்பா எனக்குச் சொன்னது.