ஊரைக் கேட்பதும் பசியைக் கேட்பதும்

தன்னை அறிந்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில் மனிதன் யார்? பெரிய நகரமொன்றில் புதிதாய்க் காலடி வைக்கும் ஒவ்வொருவனும், தன்னை அறியாமலே, இக்கேள்விக்கு விடை சொல்லத் தொடங்குகிறான். அந்நகரில் முன்னரே குடியேறியிருக்கும் நாமும், அவனை எதிர்கொள்ளும் முறையினாலே அதற்கு ஒரு விடை சொல்லிவிடுகிறோம். இவ்விரண்டு விடைகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வது நன்றென்று கருதி, நமது தலைநகரமாகிய கோலாலம்பூரையே இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளுகிறோம்.

இந்நகரத்தின் வரலாறே புதிதாய் வந்தவர்களின் வரலாறு. 1857-ஆம் ஆண்டில் கிள்ளான் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள், ஈயம் தேடி ஆற்று வழியே வந்து, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்றுக் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டினூடே அம்பாங்குக்கு நடந்தார்கள். அவர்களில் பலர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். அவர்கள் இறங்கிய சேற்றுக்கரையே பின்னர் நகரமாயிற்று. 1881-இல் தீயும் வெள்ளமும் அம்மரவீட்டு நகரை அழிக்கவே, அடுத்த ஆண்டில் ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டு அதனைத் திரும்பக் கட்டுவித்தார். செங்கற் சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. 1886-இல் கிள்ளானிலிருந்து ரயில் பாதை வந்தது. அதனைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்தினின்றும் தமிழகத்தினின்றும் நம்மவர் வந்து பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் நிறைந்தனர். நம்முள் ஒருவர்க்கொருவர் உள்ள வேற்றுமை, முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்னும் வேற்றுமையே யன்றி வேறன்று.

ஆயினும் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் தனித்து வந்தாரில்லை. கங்காணி தன் ஊருக்குப் போய், தன் உறவிலும் தன் சாதியிலும் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினான். அவர்கள் வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றான். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை இம்முறை நடந்தது. ஆகவே மனிதர் மட்டுமா கப்பலேறினர்? ஊரும் ஏறிற்று, தெருவும் ஏறிற்று, மேல் கீழ் என்னும் கணக்கும் உடன் ஏறிற்று. லயத்தில் யார் எந்த வீட்டுப் பிள்ளை, கோயிலில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பன எல்லாம் முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தன. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தும், நிலம் வீட்டு மனைகளாக மாறியும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தன. அவ்வாறு தனியே புறப்பட்டுவந்த இளைஞனையோ யுவதியையோ எண்ணிப் பாருங்கள். பாட்டன் கடல் தாண்டியும் காணாத தனிமையைப் பேரப்பிள்ளை பஸ் ஏறிக் கண்டது!

அப்பிள்ளையின் முதல் வாரம் எத்தகையது? 1976-இல் திறந்த புடுராயாவில் இறங்கியவர்கள் ஒரு தலைமுறை. 2011 முதல் பண்டார் தாசேக் செலாத்தானிலுள்ள தெற்கு முனையத்தில் இறங்குவோர் அடுத்த தலைமுறை. இருவருக்கும் முதல் நாள் இரைச்சல் ஒன்றே. தோட்டத்தில் திசை என்பது கோயில், ஆபீஸ், பெரட்டுக் களம் என்னும் மூன்று இடங்களால் தெரியும். நகரத்திலோ எல்லாச் சடக்கும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டாம் நாள், 1996-இல் ஓடத் தொடங்கிய எல்.ஆர்.டி. ரயிலில் ஏறி மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கி, இரண்டு ஆறுகளும் கூடும் முனையில் 1909 முதல் நிற்கும் பள்ளிவாசலைப் பார்த்துத் திகைக்கிறான். அங்கிருந்து லெபோ அம்பாங்கில் செட்டியார்களின் பழைய கிட்டங்கிகள் இருந்த வரிசையையும், மஸ்ஜித் இந்தியா வீதியின் துணிக்கடைகளையும் கடந்து நடக்கிறான். காதில் தமிழ் விழுகிறது. மனம் சிறிது அடங்குகிறது. வழி தவறிச் சீனத்து அம்மையார் ஒருவரை மலாயில் கேட்கிறான். அவர் கடையை விட்டு வெளியே வந்து கைகாட்டுகிறார். வாரம் முடிவதற்குள் அவனுக்கு ஓர் உண்மை புலப்படுகிறது: இந்த மாநகரில் ஒருவரும் தன்னை உற்றுப் பார்க்கவில்லை!

இவ்வுண்மை சிலர்க்கு அச்சம், சிலர்க்கு விடுதலை. தகப்பன் பெயரைச் சொன்னவுடன் எதிரிலிருப்பவர் முகம் மாறுவதைச் சிறு வயது முதல் கண்டு வளர்ந்தவன், ரயில் பெட்டியில் எவர் பக்கத்திலும் உட்காரலாம், எந்தக் கடையிலும் எந்தக் கோப்பையிலும் தேநீர் அருந்தலாம் என்று காணும்போது அடையும் நிம்மதியை நாம் அற்பமாக எண்ணலாகாது. எனினும் இதனை நகரத்தின் அறமென்று புகழ்ந்துவிடவும் வேண்டுவதில்லை. நகரம் அவன் குலத்தைக் கேளாதது கருணையினால் அன்று, அவசரத்தினால். அது அவன் பசியையும் கேட்பதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. 'தோட்டத்தில் நாலு பேர் பார்ப்பார்கள் என்னும் பயம் பிள்ளைகளைக் காத்தது. பட்டணம் அவர்களைக் கெடுத்துவிட்டது' என்று பெரியோர் சொல்லுகின்றனர். நாலு பேர் பார்க்கும்போது மட்டும் இருந்த நேர்மையை ஒழுக்கமென்று சொல்லத் தகுமா? அது வேலியே யன்றி வேரன்று. வேலி நீங்கிய இடத்தில்தான் வேர் உண்டா இல்லையா என்று தெரியும். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமல் அறையை மாற்றிக்கொண்டு மறையலாம் என்னும் வசதியிருந்தும் திருப்பிக் கொடுப்பவனே நேர்மையுடையவன். இவ்வகையில், யாரும் அறியாத நகரம் ஒருவனது உள்ளத்தை அவனுக்கே காட்டும் கண்ணாடியாகிறது.

ஆனால் பெரியோர் வாக்கில் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. லயத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பத்து வீட்டுக் கதவு திறக்கும். அடுக்குமாடியின் வாடகை அறையில் தனியே காய்ச்சலில் கிடப்பவனுக்கு எந்தக் கதவு திறக்கும்? கண்காணிக்கும் கண் வேண்டாமென்று சொல்லலாம். கவனிக்கும் கண்ணும் வேண்டாமென்று எவனும் சொல்ல முடியாது. முன்னதை ஒழித்துப் பின்னதை வைத்துக்கொள்ள முடியுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட பிரச்சினையின் உயிர்நிலை.

இனி, நகரத் தமிழராகிய நாம் புதியவனை எவ்வாறு வரவேற்கிறோம்? 'தம்பி, எந்தத் தோட்டம்?' என்று கேட்கிறோம். இதில் குற்றமில்லை, பேச்சுக்கு ஒரு வாசல். 'அப்பா பெயர் என்ன?' என்பது அடுத்தது. 'தாத்தா அங்கே எந்தப் பக்கம், எந்த ஊர்?' என்பது மூன்றாவது. இம்மூன்றாம் கேள்வி ஊரைக் கேட்கவில்லை. ஊரின் பெயரால் வேறொன்றைத் தோண்டுகிறது. விடை பிடித்திருந்தால் அறை கிடைக்கிறது, வேலைக்கு ஒரு சொல் கிடைக்கிறது. பிடிக்காவிட்டால், 'அறைக்கு வேறோர் ஆள் முன்பே சொல்லிவிட்டார்' என்று மெல்லிய பதில் வருகிறது. எந்த நகரத்துக்கு அவன் அக்கேள்வியிலிருந்து தப்பி வந்தானோ, அந்நகரத்தில் நாமே அதற்குச் சாவடி அமைத்துக் காத்திருக்கிறோம்!

'சொந்தக்காரர், ஊர்க்காரர் என்ற பிணைப்பினால்தானே பலர் பிழைத்தனர்? அதனால் நன்மை இல்லையா?' என்று கேட்கலாம். நன்மை உண்டு; மறுக்கவில்லை. முதல் மாதச் சோறும், கட்டிலில் பாதி இடமும், இறந்தால் எடுத்துப் போட நாலு தோளும் அப்பிணைப்பே தந்தது. ஆனால் வட்டத்துக்குள் மட்டும் சுற்றும் உதவி, ஒரே வீட்டில் ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு மாற்றிவைத்த பணம் போன்றது. வீட்டுக்கு அது இலாபமுமன்று, அறமுமன்று.

இதைவிடப் பெரிய ஆபத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நாம் வாசலில் நின்று குலம் விசாரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒன்றும் விசாரியாமல் அப்பிள்ளையின் தோளில் கைபோடுபவன் ஒருவன் இருக்கிறான். அவன் குண்டர் கும்பலின் ஆள். அல்லது அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் பிடுங்கிக்கொண்டு கடன் கொடுப்பவன். அவன் ஊர் கேட்பதில்லை, தகப்பன் பெயர் கேட்பதில்லை, 'சாப்பிட்டாயா?' என்று மட்டும் கேட்கிறான். நல்லவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைத் தீயவன் கேட்கிறான்; பிள்ளை அவன் பின்னே போகிறது. தோட்டம் இழந்து வந்த நம் இளைஞர் சிலர் கெட்டுப்போன வழியில் இதுவும் ஒன்று. பிறகு நாம் கூட்டம் போட்டு, 'இளைஞர் ஏன் கெட்டனர்?' என்று வருந்துகிறோம். யார் முதலில் கை நீட்டினார், யார் முதலில் கை மடக்கினார் என்று கேட்டுக்கொள்ளுகிறோமா?

ஆகவே, குலம் கேளாதிருத்தல் மட்டும் போதாது. நகரமும் கேட்பதில்லை, கும்பலும் கேட்பதில்லை. கேளாதிருந்து, கைவிடாமலும் இருப்பதே மனிதத்தன்மை. இதற்குப் பெரிய நிதியும் மாநாடும் தேவையில்லை. புதிதாய் வந்தவனை, வந்தவளை, 'பசியாறினாயா?' என்று கேட்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன் நடந்து நகரத்தைக் காட்டுவோம். நம் கோயிலையும் நம் உணவுக்கடையையும் மட்டும் காட்டினால் அது பழைய லயத்தையே பெரிதாக்கிக் காட்டுவதாகும். அரசாங்க மருத்துவ நிலையத்தையும், சம்பளம் கிடைக்காவிட்டால் புகார் செய்யும் தொழிலாளர் அலுவலகத்தையும், மெர்டேக்கா சதுக்கத்தின் அருகிலுள்ள நூலகத்தையும் காட்டுவோம். வழி தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். வழி தெரிந்தவன் நம்மையே நம்பிக் கிடக்க வேண்டியதுமில்லை. அவன் நமக்குக் கடமைப்பட்டவனாக இராமல் நமக்குச் சமமானவனாக ஆவதே நம் உதவியின் வெற்றி.

இவ்வளவையும் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் என்று நிறுத்திக்கொண்டால், வட்டத்தைச் சற்று அகலமாக்கினோமே யன்றி அழித்தோமில்லை. இன்று நம் உணவுக்கடைகளில் இலை எடுக்கும் தமிழகத்து இளைஞனும், கட்டடச் சாரத்தில் நிற்கும் வங்காளதேசத்தானும், வாயிற் காவலில் நிற்கும் நேப்பாளியும் அதே முதல் வாரத்தைக் கடந்தவர்களே. நம் பாட்டனாரை ஒருகாலத்தில் பிறர் எந்தச் சொல்லால் அழைத்தனர் என்பதை மறவாத நாம், இவர்களை எந்தச் சொல்லால் அழைக்கிறோம்?

தன்னை அறியாதவர் நடுவே நேர்மையாய் நடப்பது புதியவனின் கடன். தான் அறியாதவனை மனிதனாய் நடத்துவது பழையவனின் கடன். முன்னதை அவனிடம் எதிர்பார்க்கும் உரிமை, பின்னதைச் செய்தவர்க்கே உண்டு. தோட்டத்து அன்பர்களும் நகரத்து அன்பர்களும் இதனைச் சிந்திப்பார்களாக.